வாரிசு இல்லாத புரட்சி: ‘ஆண்டோர்’ தொடர் கதை சொல்லும் முறை

(நம் சங்கத்தின் மாதாந்திரச் சிந்தனை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் ஏடு நடத்துகிற ஒரு சங்கத்தின் மேடையில் ராக்கெட் கதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன் மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். விலைவாசி இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வாடகை வீட்டுத் தொல்லை இருக்கிறது. விண்வெளிச் சண்டைக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகள் இரவு கண்விழித்துப் பார்க்கிற கதைகளைப் பற்றி நாம் வாயே திறக்கவில்லை என்றால், எவன் வீரன், எவன் கோழை, உலகத்தை மாற்றுகிறவன் எங்கிருந்து வருவான் என்பதையெல்லாம் கதையை விற்கிறவன் ஒருவனே சொல்லிக்கொடுப்பான். ஆகவேதான் ‘ஆண்டோர்’ என்கிற தொலைக்காட்சித் தொடரை இன்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் இதன் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1977இல் ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற படத்தை எடுத்தார். அண்டம் முழுவதையும் ஆளும் ஒரு பேரரசு. அதை எதிர்க்கும் ஒரு சிறு கூட்டம். கிரகங்களையே தூளாக்கும் ‘டெத் ஸ்டார்’ என்ற பேராயுதம். படம் தொடங்கும்போது திரையில் ஓடும் எழுத்துகளில், ஒற்றர்கள் சிலர் அந்த ஆயுதத்தின் வரைபடத்தைத் திருடிக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு வரி வரும். அதோடு சரி. அந்த ஒற்றர்கள் யார், என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அந்த ஒரு வரியை விரித்து ‘ரோக் ஒன்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் வரைபடத்தைத் திருடுகிறவர்கள் அத்தனை பேரும் இறந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவன் காசியன் ஆண்டோர். அவன் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதை டோனி கில்ராய் 24 பகுதிகளாகச் சொன்னார். முதல் பருவம் 2022இல் வந்தது. இரண்டாவதும் கடைசியுமான பருவம் 2025 ஏப்ரல், மே மாதங்களில் வந்தது. நடித்தவர் மெக்சிகோக்காரரான டியேகோ லூனா.

ஆக, நாயகன் சாகப் போகிறான் என்பது தெரிந்த பிறகே கதை தொடங்குகிறது. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அபிமன்யு சாவான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால், எப்படி நடக்கிறது என்பதில் மனம் நிற்கும். இந்தத் தொடரின் பலமே அந்த ‘எப்படி’யில் இருக்கிறது.

ஸ்டார் வார்ஸ் மூலக் கதையின் அடிப்படையே குலப்பெருமைதான் தோழர்களே. வெளியே ஜனநாயகம், உள்ளே பரம்பரை. பண்ணையில் வளரும் ஏழைப் பையன் லூக் என்று தொடங்குவார்கள். 1980இல் வந்த அடுத்த படத்தில் அவன் பேரரசின் தளபதிக்கே மகன் என்று தெரியவரும். 1983இல் இளவரசி அவனுடைய தங்கை என்று தெரியவரும். வீரத்தைத் தருகிற ‘ஃபோர்ஸ்’ என்கிற மாய ஆற்றல் எல்லாருக்கும் பொதுவானது என்றாவது நினைத்துக்கொண்டிருந்தோம். 1999இல் வந்த படம் அதையும் கெடுத்தது: அந்த ஆற்றல் அவரவர் இரத்தத்திலுள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததாம், பரிசோதித்துச் சொல்லிவிடலாமாம்! 2017இல் ஒரு படம் கொஞ்சம் துணிந்தது. ரே என்ற பெண் பெயர் தெரியாத ஏழைகளின் மகள் என்று சொன்னது. ரசிகர்களில் ஒரு சாராருக்கு அது பிடிக்கவில்லை. 2019இல் அடுத்த படம் வந்தது. பார்த்தால் அவள் சக்கரவர்த்தியின் பேத்தி. பெயரில்லாதவள் உலகத்தைக் காப்பாற்றக் கூடாதா என்ன? சுயமரியாதை இயக்கம் நடந்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இந்த ஏற்பாடு எதை நினைவூட்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

‘ஆண்டோர்’ இந்த வழக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒளிவாள் கிடையாது, ஜெடாய் வீரர்கள் கிடையாது. காசியனுக்கு நல்ல குலமும் இல்லை, தொடக்கத்தில் நல்ல குணமும் இல்லை. கடன்காரன், பொய்க்காரன், களவுப் பொருள் விற்கிறவன். முதல் பகுதியிலேயே, தன்னிடம் காசு பறிக்க வந்த கம்பெனிக் காவலர் இருவரில் ஒருவன் கைகலப்பில் இறந்துபோக, உயிர்ப்பிச்சை கேட்ட மற்றவனைச் சுட்டுவிடுகிறான். கதாநாயகனை அறிமுகப்படுத்துகிற அழகு அது!

அதன் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். இறந்த இருவரும் குடித்துவிட்டுப் போகக் கூடாத இடத்துக்குப் போனவர்கள். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடு என்கிறார் மேலதிகாரி. போலீஸ் நிலைய வாசலை மிதித்தவர்களுக்கு அந்த அதிகாரியைத் தெரியாமல் இருக்காது. ஆனால் சிரில் கார்ன் என்ற இளைய அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. சீருடையைத் தன் அளவுக்குத் திருத்தித் தைத்துக்கொண்டவன் அவன். ஒழுங்கின் மேல் அப்படி ஒரு பக்தி. படையைத் திரட்டிக்கொண்டு ஃபெரிக்ஸ் என்ற தொழிலாளர் ஊருக்குப் போகிறான். ஆட்கள் சாகிறார்கள், காரியம் கெடுகிறது. கம்பெனிக்கு ஊரை ஆளத் தெரியவில்லை என்று சொல்லி, பேரரசு தானே நேராக அந்த ஊரை எடுத்துக்கொள்கிறது. அக்கிரமத்தை மூடி மறைத்த கையாடல் அதிகாரியால் வராத கேடு, நேர்மையான குமாஸ்தாவால் வந்து சேர்கிறது. இப்படித்தான் இந்தக் கதை நடை போடுகிறது. விதி எதையும் நடத்துவதில்லை. யாரோ ஒருவர் தன் வேலையைச் செய்கிறார். அதன் விளைவு எங்கோ இன்னொருவர் தலையில் போய் விழுகிறது.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. காசியன் கூலிக்குச் சேர்ந்து, ஆல்தானி என்ற இடத்தில் பேரரசின் சம்பளப் பணத்தைக் கொள்ளையடிக்கிறான். 1907இல் டிஃப்லிஸ் நகரில் போல்ஷெவிக்குகள் நடத்திய வங்கிக் கொள்ளையை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதியதாகக் கில்ராயே சொல்லியிருக்கிறார். கொள்ளை வெற்றி. உடனே பேரரசு தண்டனைக் காலங்களை ஏற்றி ஒரு சட்டம் போடுகிறது. பங்குப் பணத்தோடு கடற்கரையில் சும்மா நடந்துபோன காசியனை, அவன் யாரென்றே தெரியாமல், சந்தேகத்தின் பேரில் பிடித்து ஆறாண்டு போடுகிறார்கள். தான் செய்த காரியத்தால் பிறந்த சட்டத்தில், தான் செய்யாத குற்றத்துக்கு அவன் உள்ளே போகிறான்.

இந்த அடக்குமுறை வரவேண்டும் என்று காத்திருந்த ஒருவர் கதையில் இருக்கிறார். லூதன் ரேல் என்பவர். தலைநகரில் பழம்பொருள் கடை நடத்துகிற வேடத்தில் கிளர்ச்சிக்குப் பணமும் ஆளும் திரட்டுகிறவர். மக்கள் துன்பப்பட்டால்தான் எழுவார்கள் என்பது அவர் கணக்கு. தன் உளவாளி ஒருவனைக் காப்பாற்ற, தோழமைப் படை ஒன்று முழுவதும் சாகட்டும் என்று விட்டுவிடுகிறார். இது நமக்கு உடன்பாடான வழியன்று. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். மக்கள் முதுகில் அடி விழட்டும் என்று காத்திருப்பவன் அந்த அடியைத் தான் வாங்குவதில்லை. ஆனால் தொடர் அவருக்கு மாலையும் போடவில்லை, அவரைத் தூற்றவும் இல்லை. கடைசியில், அவர் கட்டி எழுப்பிய இயக்கத்தின் புதிய தலைமையே அவர் அனுப்பிய செய்தியை நம்ப மறுக்கிறது. இயக்கங்களில் இருந்து நரைத்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். சா கெரேரா என்ற இன்னொரு தலைவர், கிளர்ச்சிக் குழுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றையும் ஏசுகிற காட்சியும் உண்டு. நம்மூர்த் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போய்வந்தவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது.

இனி, இந்தத் தொடரின் உயிர்நாடியான சிறைச்சாலைக்கு வருவோம். நார்க்கினா 5 என்ற நீர்சூழ் சிறை. அங்கே சங்கிலி இல்லை, சாட்டை இல்லை. கைதிகள் வெறுங்காலோடு நிற்க வேண்டும், தரை உலோகம், பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பாயும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு மேசைக்கு ஏழு பேர், ஒரு கூடத்துக்கு ஏழு மேசை, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. ஏதோ இயந்திரத்தின் உறுப்பைப் பூட்டிப் பூட்டி அனுப்புகிறார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அதிகம் செய்த மேசைக்கு உணவில் கொஞ்சம் ருசி. குறைவாகச் செய்த மேசைக்கு மின்னடி. மேஸ்திரியும் கைதியே. கினோ லாய் என்று பெயர். ஆண்டி செர்கிஸ் நடித்திருக்கிறார். தன் தண்டனை முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு, மற்றவர்களை விரட்டி வேலை வாங்குகிறவன். போனஸுக்காகத் தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிடும் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

ஒரு கிழவன். இன்னும் சில வாரம்தான், விடுதலையாகிவிடுவான். வேலை செய்தபடியே சாய்கிறான். அப்போதுதான், வெளியே போக வேண்டியவர்களை இன்னொரு மாடிக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற உண்மை வெளிவருகிறது. அது தெரிந்துபோன ஒரு மாடி முழுவதையும் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிட்டார்கள். கினோ அதுவரை எண்ணிய நாள்களெல்லாம் பொய். ஒரு மாடிக்குக் காவலர் எத்தனை பேர் என்று காசியன் பல தடவை கேட்டும் பதில் சொல்லாதவன், அந்த நிமிடத்தில் வாய் திறக்கிறான்: பன்னிரண்டுக்கு மேல் இல்லை.

இந்த இடத்தில் கதை சொல்கிறவர்கள் அவசரப்படவில்லை. கண்காணிப்பு அறையைப் பிடித்தவுடன் ஒலிபெருக்கியில் பேச வேண்டியவன் கினோதான். அவன் குரலுக்குத்தான் எல்லாரும் பழகியிருக்கிறார்கள். முதலில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு வார்த்தை முனகிவிட்டு நிறுத்துகிறான். போதாது, இன்னும் சொல் என்று காசியன் தூண்டுகிறான். பிறகுதான் பேச்சு வருகிறது. நாயகனைப் பேசவிட்டிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். மேஸ்திரியைப் பேசவிட்டார்கள், நேற்றுவரை உற்பத்தியைக் கூட்டு என்று கத்திய அதே குரல், வெளியேறு என்று சொல்கிறது. ஆயிரக்கணக்கில் ஓடிவந்து கடலில் குதிக்கிறார்கள். கினோ விளிம்பில் நிற்கிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. என்ன ஆனான் என்று பிறகு தொடர் சொல்லவே இல்லை.

அந்த உறுப்பு எதற்கு என்ற பதில், முதல் பருவம் முடிந்து பெயர்கள் எல்லாம் ஓடியான பிறகு வருகிறது. கைதிகள் பூட்டியதெல்லாம் டெத் ஸ்டாரின் பாகங்கள். காசியனை 2016 படத்தில் கொல்லப் போகும் ஆயுதத்துக்குக் காசியனே மறை முடுக்கியிருக்கிறான். ஒரு வசனமும் இல்லாமல் இதைக் காட்டிவிட்டு முடிக்கிறார்கள்.

ஃபெரிக்ஸ் ஊரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பழைய கப்பல்களை உடைத்து உறுப்பு எடுக்கும் ஊர் அது. தொழிலாளர்களின் கையுறைகள் சுவரில் வரிசையாகத் தொங்கும். பொழுதை அறிவிக்கக் கோபுரத்தில் ஒருவர் சம்மட்டியால் இரும்பை அடிப்பார். காவல்படை வந்தால் வீட்டுக்கு வீடு தட்டு, குழாய், தகரம் என்று தட்டி ஊரையே எச்சரிப்பார்கள். இறந்தவரின் சாம்பலைச் செங்கல்லாக்கிச் சுவரில் பதிப்பது அவர்கள் மரபு. காசியனை வளர்த்த தாய் மார்வாவின் இறுதி ஊர்வலத்தில், அவர் முன்பே பதிந்துவைத்த பேச்சு ஒளியுருவமாகத் தெருவில் எழுகிறது. நாம் தூங்கிவிட்டோம் என்கிறார் அந்தக் கிழவி. கலகம் மூள்கிறது. அந்தத் தாயின் செங்கல்லே ஒரு தோழனின் கையில் ஆயுதமாகிறது. அந்தப் பேச்சின் இறுதியில் முதலில் எழுதப்பட்டிருந்த ஒரு வசைச்சொல்லை நிறுவனம் மாற்றச் சொன்னதாம், மாற்றினார்கள். பேரரசை எதிர்க்கலாம், வைய மட்டும் கூடாது!

இரண்டாம் பருவத்தில் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று பகுதி. ஐந்து பருவமாக எடுக்க நினைத்தவர்கள், அதற்குள் ஆயுள் போய்விடும் என்று கண்டு சுருக்கினார்கள். சுருக்கியதில் நன்மையும் உண்டு, சேதமும் உண்டு. அதில் நம்மை அதிகம் தொட்டது மினா-ராவ் என்ற தானியக் கிரகம். ஃபெரிக்ஸிலிருந்து தப்பியவர்கள் பண்ணையில் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டு தாள் இல்லாமல் வாழ்கிறார்கள். அறுவடைக்கு ஆள் வேண்டும், ஆளிடம் விசா இல்லை; எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தெரியாததுபோல் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு என்று அதிகாரிகள் வருகிறார்கள். பிக்ஸ் என்ற பெண்ணிடம் தாள் இல்லை என்று தெரிந்துகொண்ட ஓர் அதிகாரி, அதையே பிடியாக வைத்து அவளைப் பலவந்தப்படுத்த முயல்கிறான். அவள் அவனைக் கொல்கிறாள். ஊர்விட்டு ஊர் வந்து, சான்றிதழ் கேட்கிறவன் முன்னால் நின்ற அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. நம் பெண்களுக்கு அது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

பிறகு கோர்மன். சிலந்திப்பட்டு நெய்யும் செழிப்பான கிரகம். டெத் ஸ்டாருக்கு வேண்டிய கனிமம் அதன் அடியில் இருக்கிறது. தோண்டினால் அங்கே மனிதன் வாழ முடியாது. ஆகவே என்ன செய்யலாம் என்று ஒரு மலை மாளிகையில் கூட்டம் போட்டு, தேநீர்ப் பேச்சு போலப் பேசுகிறார்கள். 1942இல் நாஜி அதிகாரிகள் நடத்திய வான்சே கூட்டம்தான் இதற்கு முன்மாதிரி என்று கில்ராய் சொல்லியிருக்கிறார். முதலில் கோர்மன் மக்கள் திமிர் பிடித்தவர்கள் என்று செய்தி பரப்புகிறார்கள். பிறகு அங்கேயே ஒரு கிளர்ச்சிக் குழு வளரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அது தவறு செய்தால்தானே அடிக்கக் காரணம் கிடைக்கும்! கடைசியில் சதுக்கத்தில் கூட்டத்தைக் கூடவிட்டு, வழிகளை அடைத்து, அனுபவமில்லாத இளஞ்சிப்பாய்களை முன்னால் நிறுத்தி, அவர்களில் ஒருவனைத் தாங்களே மறைந்திருந்து சுட்டு, படுகொலையைத் தொடங்குகிறார்கள். அடைபட்ட சதுக்கம் என்றதும் ஜாலியன்வாலாபாக் நம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

இந்தச் சதியில் தெரியாமல் பங்கேற்ற சிரில், உண்மை தெரிந்ததும் கலங்குகிறான். அதே கூட்டத்தில் காசியனைக் கண்டதும் எல்லாம் மறந்து பாய்கிறான். மூன்று ஆண்டுப் பகை. காசியன் அவனைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறான். வாழ்க்கையையே செலவிட்டுத் துரத்தியவனை, துரத்தப்பட்டவனுக்கு அடையாளமே தெரியவில்லை. அடுத்த நொடியில் யாரோ சுட, சிரில் செத்து விழுகிறான். இதைத் தொடர்ந்து செனட்டர் மான் மோத்மா சபையில் எழுந்து, நடந்தது இனப்படுகொலை என்று பெயர் சொல்லிப் பேசுகிறார். அந்தப் பகுதியை எழுதிய டான் கில்ராய்க்கு 2025இல் எம்மி விருது கிடைத்தது.

குறைகளும் இருக்கின்றன. ஏழாம் பகுதியில் வைத்தியக்காரி ஒருத்தி வந்து காசியனைத் தொட்டு, இவன் ஏதோ காரியத்துக்கென்று பிறந்தவன் என்பதுபோல் சொல்கிறாள். இருபது பகுதி பாடுபட்டுக் கட்டிய வீட்டில் எதற்கு இந்தச் சோதிடம்? பிக்ஸை அவனுடைய கடமைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று விலகிப்போகவைத்து, இறுதிக் காட்சியில் வயல் நடுவே கைக்குழந்தையோடு நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் பழுது பார்த்தவள், சித்திரவதையைத் தாங்கியவள். அவளுக்கு இயக்கத்தில் ஒரு வேலை தர எழுத்தாளர்களுக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, பேரரசு ஒழிந்த பிறகு என்ன என்ற கேள்வி. நெமிக் என்ற இளைஞன் எழுதிவைத்துவிட்டுச் சாகும் அறிக்கை தொடரின் முடிவுவரை ஒலிக்கிறது. விடுதலை வேட்கையைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது. நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்று நாம் கேட்டதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இதை எடுத்தது யார் என்று கேட்பீர்கள். டிஸ்னி; 2012இல் லூகாஸின் நிறுவனத்தை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய டிஸ்னி. இந்த 24 பகுதிகளுக்கு 65 கோடி டாலர் செலவானது என்று கில்ராய் 2025இல் சொன்னார். முதலாளி புரட்சியையும் விற்பான், சந்தா வருமென்றால். அது உண்மைதான். ஆனால் எழுதியவர்களும் கூலிக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாம் பருவப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த நேரம் அது. எழுத்தை நிறுத்திய கில்ராய், தயாரிப்பு மேற்பார்வையை மட்டும் தொடர்கிறார் என்று கண்டனம் எழுந்தது. மே மாதத்தில் அதையும் நிறுத்தினார். தொடரை உருவாக்கியவருக்கும் சங்கக் கட்டுப்பாடு உண்டு, அதை நினைவூட்டச் சக தொழிலாளிகளும் உண்டு என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

1977 படத்தின் கடைசிக் காட்சி பலருக்கு நினைவிருக்கும். பெரிய மண்டபம், அணிவகுத்து நிற்கும் படை, இளவரசி பதக்கம் அணிவிக்கிறார். லூக்குக்கு ஒன்று, ஹான் சோலோவுக்கு ஒன்று. கூடவே நடந்துவந்த, உடம்பெல்லாம் உரோமம் அடர்ந்த செவ்பாக்காவுக்குப் பதக்கம் இல்லை. ‘ஆண்டோர்’ முழுவதையும் பார்த்துவிட்டு எங்கள் படிப்பு வட்டத்து இளைஞர்கள் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மண்டபத்தில் நிற்கிற கூட்டத்தையே திரும்பத் திரும்ப நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகிவிட்டது, கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள். மூத்த தோழர்களுக்கு முதல் வாய்ப்பு.